கீழே இறங்கிய எண்ணெய்

எங்கள் வீட்டு அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கிறது. ஒரு குடம் தண்ணீர் பிடிக்கும். கழுத்துக்குக் கீழே பக்கவாட்டில் ஒரு மூக்கு, அடியில் ஒரு திருகுக் குழாய். வீட்டுக்கு வருகிறவர்கள் ஊறுகாய் போடவா என்று கேட்பார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. சோப்பு, புளி, சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன், மூடியைத் திறந்தால் இன்னும் கிராம்பு வாடை அடிக்கிறது. அந்த வாடை மூக்கில் ஏறினால் எனக்கு மதினியின் கைதான் ஞாபகம் வரும். முழங்கை வரை சிவந்து, தேங்காய் எண்ணெய் தடவி, மடியில் வைத்துக்கொண்டிருந்த கை.

மதினி என் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் சின்ன வயதிலேயே போய்விட்டான். மேலகரத்தில் எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே சுவர். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள், அவளும் அப்படித்தான். குற்றாலம் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே ஒரு தைலக் கம்பெனி இருக்கிறது. அங்கே இரண்டு பேரும் வேலைக்குப் போனோம். கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கொட்டகை, ஒரு பாய்லர், ஆள் உயரத்துக்கு ஒரு கொப்பரை, குளிர்ந்த தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும் சுருள் குழாய், கடைசியில் இந்த ஜாடி. கொப்பரைக்குள் எலுமிச்சைப்புல்லை மிதித்து அடைத்து, மூடியை இறுக்கி, அடியிலிருந்து நீராவி விடுவார்கள். ஆவி புல்லுக்குள் புகுந்து எண்ணெயையும் தூக்கிக்கொண்டு மேலே போகும். சுருளுக்குள் குளிர்ந்து, தண்ணீரும் எண்ணெயும் கலந்து பால் மாதிரி ஜாடிக்குள் சொட்டும். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, எண்ணெய் மஞ்சளாக மேலே மிதக்கும், தண்ணீர் கீழே நிற்கும். ஜாடி நிறைய நிறைய அடிக் குழாயைத் திருகித் தண்ணீரை வெளியே விட வேண்டும். எண்ணெய்க் கோடு குழாயைத் தொடுவதற்கு முன்னால் மூடிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் கண்ணை எடுக்கக் கூடாது.

அந்த ஜாடிக்கு முன்னால் உட்காரும் இடம் மதினிக்குக் கிடைத்தது பெரிய விஷயம். அதற்கு முன் அவள் புல்லுக்கட்டு தூக்கிக்கொண்டிருந்தாள். ஈரப் புல், வண்டியிலிருந்து கொப்பரை வரை தலைச்சுமை. இடுப்பு விட்டுப்போய், காலையில் எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்வாள். முதலாளி அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜாடிக்கு மாற்றினார். ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. அதை விட்டால் திரும்பவும் கட்டுதான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் அதைப்பற்றிப் பேசமாட்டாள். நான்தான் நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பேன்.

என் சுபாவம் அப்படி. பாய்லரில் அழுத்தம் காட்டும் முள் கொஞ்சம் ஆடினால் கிட்டே ஓடிப்போய்ப் பார்ப்பேன். கொப்பரை மூடியில் ஆவி கசிந்தால் போதும், எல்லாரும் செத்துவிட்டதாகவே நினைத்துக்கொள்வேன். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழி வந்து, பூட்டினேனா என்று திரும்பிப் போவேன். மதினி நடு ரோட்டில் நின்று சிரிப்பாள். "கல்யாண வீட்டுல பந்தி போடுததுக்கு முன்னாடியே சோறு காணாதுன்னு அழுதவதானட்டி நீ" என்பாள். அவளுக்குச் சந்தேகம் என்ற ஒன்று கிடையாது. குழாயைத் திருகும்போதுகூட வேறு எங்கோ பார்த்துப் பேசிக்கொண்டே திருகுவாள். ஆனால் எண்ணெய் ஒரு சொட்டு கீழே போகாது.

கோடையில் புல் வராது. கொப்பரை சும்மா கிடக்கும், எங்களுக்கும் வேலை இருக்காது. ஒரு வருஷம் மலை மேலே எஸ்டேட் வைத்திருந்த ஒருவர் கிராம்பு பறித்துவிட்டு, உதிர்ந்த காம்புகளை மூட்டை மூட்டையாக அனுப்பினார். இதில் எண்ணெய் எடுத்துக் கொடுத்தால் வருஷா வருஷம் தருகிறேன், சரியாக வராவிட்டால் கேரளாவுக்கு அனுப்பிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். கோடை வேலை மொத்தமும் அந்த மூட்டைகளில்தான் இருந்தது. முதலாளி காலையில் கொப்பரையை அடைத்துப் பார்த்துவிட்டு, "சரக்கு புதுசு, பாத்து இருங்க" என்று சொல்லி செங்கோட்டைக்குப் போய்விட்டார்.

ஆவி ஏறியது. ஜாடியில் பால் மாதிரி சொட்ட ஆரம்பித்தது. கொட்டகை முழுக்க கிராம்பு வாடை, கண் எரிந்தது. நான் பாய்லர் முள்ளைப் பார்த்தேன், மூடியைப் பார்த்தேன், சுருள் முங்கிய தொட்டியில் கை வைத்து, தண்ணீர் சுடுகிறதா என்று பார்த்தேன். மதினி வழக்கம்போல ஜாடி நிறைந்ததும் அடிக் குழாயைத் திருகி இறக்கினாள். நிறைந்தது, இறக்கினாள். மேலே மஞ்சள் கோடு விழவே இல்லை.

"எண்ணெயக் காணுமே மதினி, பாத்தியளா?"

"தெளிய நேரம் எடுக்குட்டி. கட்டை சரக்குலா, புல்லு மாதிரி ஒடனே விடுமா?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வெயில் உச்சிக்கு வரும் வரை அப்படியே போனது. கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனம், அடியில்தான் இறங்கி நிற்கும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷமாக எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே என்றே பார்த்துப் பழகிய கை, அன்றைக்கு எண்ணெயை முழுசாகத் திறந்துவிட்டு, தண்ணீரைப் பத்திரமாகக் காத்துக்கொண்டிருந்தது. நான் ஆயிரத்தெட்டு விஷயத்துக்குப் பயந்தேன். நடந்துகொண்டிருந்ததற்கு மட்டும் பயப்படவில்லை.

மதியத்துக்குமேல் ஆடு மேய்க்கிற அக்கா ஒருத்தி வேலியோரம் வந்து சத்தம் போட்டாள். "என்னத்தட்டி வாய்க்காலுக்குள்ள ஊத்துதிய? ஆடு ஒரு வாய் வைக்க மாட்டேங்கு, மேட்டுல ஏறி நிக்கு. பல்லுவலிக்கு வைக்க மருந்து வாடையில்லா அடிக்கு!" கொட்டகைக்குள் இருந்த எங்கள் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. எங்கும் அதே வாடை, எங்கிருந்து வருகிறது என்று எப்படித் தெரியும்? வெளியிலிருந்து வந்தவளுக்குத்தான் தெரிந்தது.

மதினி ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். பிறகு பாய்லர்காரரிடம் ஆவியை நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடினாள். ஜாடித் தண்ணீர் முதலில் ஒரு சிமெண்ட் தொட்டியில் விழுந்து, அது வழிந்துதான் வாய்க்காலுக்குப் போகும். தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியைத் தடவி, அள்ளி எடுத்தாள். சேற்றோடு, பழைய புல் தூளோடு, பழுப்பாக எண்ணெய் அவள் உள்ளங்கையில் நின்றது. என்னிடம் நீட்டினாள். அவள் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை, அண்ணன் செத்த அன்றுகூட.

கனமானது என்பதுதான் எங்களைக் காப்பாற்றியது. வழிந்து போனது மேல் தண்ணீர், எண்ணெயில் பெரும்பகுதி தொட்டியின் அடியிலேயே கிடந்தது. வழியும் வாயைச் சாக்கால் அடைத்தோம். மேல் தண்ணீரைக் கலங்காமல் மொண்டு ஒரு பக்கம் வைத்து, அடியில் கிடந்ததைச் சேறோடு அள்ளி, வேட்டித் துணியில் வடிகட்டி, எல்லாவற்றையும் காம்போடு சேர்த்து மறுபடி கொப்பரைக்குள் ஊற்றினோம். வாளி வாளியாக. மதினி என்னைத் தொட்டியில் கைவிட விடவில்லை. "ஒருத்தி கை போனாப் போதும்" என்றாள். அவள் கை அதற்குள் தீப்பட்ட மாதிரி சிவந்திருந்தது. மறுபடி ஆவி விட்டோம். சேறு எல்லாம் கொப்பரையில் தங்கிவிட, எண்ணெய் மட்டும் ஏறி வந்தது. இந்தத் தடவை ஜாடியின் அடியில், இளம் பழுப்பாக, கனமாக, கோடு கிழித்தது போல நின்றது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்தோம். சந்தோஷப்படத் தெம்பு இல்லை.

முதலாளி சாயங்காலம் வந்ததும், நான் வாயைத் திறப்பதற்குள் மதினி எழுந்து நின்றாள். "அண்ணாச்சி, எண்ணெயத் தொட்டிக்குள்ள தொறந்துவிட்டது நாந்தான். அள்ளி மறுபடி ஏத்திருக்கோம். கொஞ்சம் வாய்க்காலோட போயிட்டு. இவளுக்கு இதுல பங்கு கிடையாது." அவர் ஜாடியைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். "எஸ்டேட்காரருக்கு நான் என்னத்தச் சொல்ல?" என்று தலையைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, "மொதல்ல கைக்குத் தேங்காய் எண்ணெயப் போடுங்க. நாளைக்கும் நீங்களே ஒக்காருங்க. இனிமே தெரியும்லா" என்றார். எஸ்டேட்காரர் எண்ணெய் கொஞ்சம் குறைச்சல் என்று முனகினாராம். ஆனால் அடுத்த வருஷமும் மூட்டை வந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். கோடை போய், சாரல் விழுந்து, மறுபடி புல் வந்தது. வருஷக்கணக்காகப் பார்த்த அதே புல். மதினி குழாயில் கை வைத்துவிட்டுத் திருகாமல் என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, இது மேலயா, கீழயா?" விளையாட்டாகக் கேட்கிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் கேட்டாள். கண்ணெதிரே மஞ்சள் கோடு மிதக்கும், அப்போதும் கேட்பாள். திருகிய குழாயை மூடிவிட்டு மறுபடி திருகி மூடுவாள். வீட்டுக்குப் போகிற வழியில் பாதியில் நின்று, "நல்லா இறுக்குனேனாட்டி?" என்பாள். என்னிடம் இருந்த சீக்கு அவளுக்கு ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. இத்தனை நாள் அவள் பயப்படாமல் இருந்ததில்தான் நான் சாய்ந்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒருநாள் அவளே முதலாளியிடம் போய்ச் சொன்னாள். "நான் கட்டுத் தூக்கப் போறேன் அண்ணாச்சி. ஜாடிக்கு இவ ஒக்காரட்டும்." அவர் எவ்வளவோ சொன்னார். நான் வழியெல்லாம் சண்டை போட்டேன், இடுப்பு என்ன ஆகும் என்று கேட்டேன். "தூக்குததுக்கு மேல கீழ தெரிய வேண்டாம்லாட்டி" என்று மட்டும் சொன்னாள். தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டு, ஈரக் கட்டுக்குக் கீழே குனிந்தாள். பழையபடி நன்றாகத் தூங்குகிறேன் என்றாள். அது நிஜம்தான் போல. இரண்டு மழைக்காலம் தூக்கினாள். பிறகு இடுப்பு ஒரேயடியாக விழுந்துவிட்டது. தென்காசியில் டாக்டர் பெல்ட் கொடுத்தார். இப்போது வீட்டோடு இருக்கிறாள்.

நான் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடி ஜாடி போய் ஸ்டீலில் பெரிய பாத்திரம் வந்துவிட்டது. மேலே ஒரு வழி, கீழே ஒரு வழி, நடுவில் பார்க்கச் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல். நான் கேட்டதும் முதலாளி இந்தப் பழைய ஜாடியை எனக்கே கொடுத்துவிட்டார். புதுப் பாத்திரத்தில் தப்பு நடக்க வழியில்லை என்கிறார்கள். எனக்கு அந்த ஜன்னலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய்விட்டது. சாயங்காலம் வந்து படியேறும்போதே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மதினி குரல் கொடுப்பாள். "இன்னைக்கு என்ன சரக்குட்டி?" புல் என்பேன். "அப்ப மேல" என்பாள். கோடையில் காம்பு என்பேன். "அப்ப கீழ." சரி மதினி என்று சொன்ன பிறகுதான் அந்தப் பக்கம் விளக்கு எரியும்.

இன்றைக்கு மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தாள். காப்பி போடுவதற்குள் அடுப்படிக்கு வந்து ஜாடியின் முன் நின்றாள். காலி ஜாடிதான். ஆனாலும் அடிக் குழாயை இரண்டு விரலால் திருகி, இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். காப்பியைக் குடித்தாள், அது இது பேசினாள், போய்விட்டாள். கதவைச் சாத்திவிட்டு வந்து, நானும் ஒருமுறை அந்தக் குழாயைத் திருகிப் பார்த்தேன்.