தேதியாகிப் போன ஏலச்செடிகள்

போன வருடம் வைகாசிக் கடைசி. போடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் எனக்கு, போடிமெட்டுக்கு மேலே சின்னதாக ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஒரு அக்கா காலையிலேயே போன் போட்டார். "தம்பி, கம்ப்யூட்டரு கண்ணைத் தொறக்க மாட்டேங்குது. மழை எறங்குறதுக்குள்ள தூர் பிரிச்சாகணும். எல்லாச் சோலியையும் போட்டுட்டு வெரசா வா."

அவர் அவசரம் எனக்குத் தெரியும். அந்தக் கோடையில் வெயில் தாங்காமல் தோட்டத்தில் பாதிக்கு மேல் கருகிப் போயிருந்தது. மிஞ்சிய செடிகளின் தூரைப் பிரித்து நட்டுத்தான் தோட்டத்தை மறுபடி எழுப்ப வேண்டும். ஆனால் மிஞ்சியதெல்லாம் நல்ல செடி இல்லை. எது வெயிலையும் தாங்கி, மழைக்காலத்து அழுகலுக்கும் தப்பி, காயும் கொடுத்தது என்பதைச் செடி செடியாகப் பல வருடம் அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். அந்த டேட்டாபேஸை அவருக்கு அமைத்துக் கொடுத்தவன் நான்தான். நேரில் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். பச்சையாக நிற்கும்போது எல்லாச் செடிக்கும் ஒரே முகம்தான். தப்பான தூரை நட்டுவிட்டால் அது தெரியவே மூன்று வருடம் ஆகும். ஏற்கெனவே அவர் வீட்டுக்காரர், வித்துட்டுக் கீழே இறங்கிவிடலாம் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு காப்பி எடுத்து வையுங்கள் என்று நான் சொல்லாத நாளில்லை. "பார்ப்போம் தம்பி" என்பதுதான் அவர் பதில்.

வேலையாட்களை ஏற்றிப்போன ஜீப்பிலேயே தொற்றிக்கொண்டு மேலே போனேன். கம்ப்யூட்டரைத் திறந்தால் உள்ளே பனி ஈரம் கோத்துக் கிடந்தது. துடைத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் நெருப்பை அணைத்திருந்தார்கள், வெதுவெதுப்பு மட்டும் மிச்சமிருந்தது. கழற்றிய பாகங்களைக் கொண்டுபோய் அங்கே பரப்பினேன். "காயோட காயா இதையும் தரம் பிரிச்சு அனுப்பிருவோமா?" என்று அக்கா கிண்டலடித்தார். சிரித்தாலும் கையைப் பிசைந்துகொண்டேதான் இருந்தார்.

மதியம் பாகங்களைத் திரும்பப் பூட்டி ஸ்விட்சைப் போட்டேன். வந்தது. நின்றது. மறுபடி வந்தது, மறுபடி நின்றது. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், மெஷின் முறைத்தால் நானும் முறைப்பேன். தகவலை எடுக்காமல் மலை இறங்குவதில்லை என்று சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் ஒருவழியாக நின்று ஓட ஆரம்பித்ததும், செடிகளின் பட்டியலை மட்டும் முதலில் பென் டிரைவில் இறக்கினேன். அடுத்து, டேட்டாபேஸின் கட்டமைப்பையும் தகவலையும் சேர்த்து முழுசாக அதிலேயே இன்னொரு ஃபைலாக எடுக்கத் தொடங்கினேன்.

"செடிக் கணக்கு வந்துருச்சுல்ல, போதும்யா. கட்டமைப்பெல்லாம் எதுக்கு?" என்றார் அக்கா.

"வீடு மாத்துறப்ப சாமானை மட்டும் ஏத்துனா ஆச்சாக்கா? எது என்ன சாமான், எங்க இருந்துச்சுன்னு தெரிய வேணாமா?" என்றேன். முணுமுணுத்தபடி டீ போடப் போனார். அந்த ஃபைலும் இறங்கி முடிந்து கொஞ்ச நேரத்தில் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டு நின்றது. அதன் பிறகு அது எழவே இல்லை.

டீயைக் கொடுத்துவிட்டு அக்கா பென் டிரைவைத் தன் லேப்டாப்பில் செருகி, பட்டியலை எக்செல்லில் திறந்தார். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மூடும்போது சேவ் பண்ணவா என்று கேட்டது, சரி என்று அழுத்தினார். திரும்பவும் திறந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏந்தம்பி, என் செடிக்கெல்லாம் யாரு தேதி போட்டது?"

எட்டிப் பார்த்தேன். தோட்டத்தில் வரிசையையும் செடியையும் சேர்த்து 5-13 என்று எழுதுவார்கள். அஞ்சாம் வரிசை, பதின்மூணாம் செடி. எக்செல் அதை மே பதின்மூன்று என்று எடுத்துக்கொண்டது. பதின்மூணாம் வரிசை அஞ்சாம் செடியான 13-5-ம் அதே மே பதின்மூன்று. இரண்டில் எது நல்ல செடி? பென் டிரைவில் இருந்த பட்டியலும் அந்த ஒரு சேவில் அப்படியே மாறிவிட்டது.

அக்கா சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "வித்துருவோம்னு அவரு சொன்னதுதான் சரி போல."

"இருங்கக்கா" என்றேன். குரலில் தைரியம் இருந்தது, உள்ளே இல்லை. முழுசாக எடுத்த ஃபைலைத் திறந்தேன். மேலேயே கட்டமைப்பு இருந்தது. செடி எண் என்பது தேதி அல்ல, எழுத்து என்று அதில் எழுதியிருந்தது. கீழே 5-13 தனியாக, 13-5 தனியாக, ஒன்றும் கலையாமல் இருந்தன. என் லேப்டாப்பில் டேட்டாபேஸைப் புதிதாக எழுப்பி அதை ஏற்றினேன். எல்லாச் செடியும் தன் தன் பெயரோடு வந்து நின்றது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் சாரலில் சரிவில் ஏறி, நல்ல செடிகளுக்கெல்லாம் சிவப்புத் துணி கட்டினோம். 13-5 பார்க்கக் கொழுகொழுவென்று நின்றது, ஆனால் மழைக்கு மழை அழுகிய செடி அது. அக்கா அதைத் தாண்டிப் போய் 5-13-ன் தூரில் கை வைத்தார்.

இந்த வருடம் அந்தச் சரிவு முழுக்கப் பச்சை பிடித்திருக்கிறது, விற்கிற பேச்சு அந்த வீட்டில் இல்லை. யார் எதைக் காப்பி எடுக்கச் சொன்னாலும், உள்ளே இருப்பதோடு அது இன்னதென்று சொல்வதையும் சேர்த்தே இப்போது எடுக்கிறேன். ஒன்று இன்னதென்பது தொலைந்துவிட்டால் கண் முன்னால் இருப்பதும் இல்லாததுதான் என்று அந்த மலையில்தான் எனக்கு உறைத்தது.