அக்னி மூலையில் பாறை

என் மனைவிக்கு டீசல் வாடை ஒத்துக்கொண்டதே இல்லை. கல்யாணமான புதிதில் ஜன்னல் சீட்டு கிடைக்கவில்லை என்றால் பஸ்ஸில் ஏறவே மாட்டாள். "உன்னக் கூட்டிட்டுப் போவணும்னா மாட்டு வண்டிதான் பூட்டணும்" என்று கேலி செய்வேன். வேலூரில் அவளுக்குக் கீமோ ஆரம்பித்த பிறகு அந்தக் கேலி நின்றுபோனது. மருந்து ஏறின உடம்போடு வாடகைக் காரில் திரும்பும்போது கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் வண்டியை எத்தனையோ தடவை ஓரம் கட்டச் சொல்லுவாள். வாந்தியில் வருவதற்கு ஒன்றும் இருக்காது. வெறும் வயிறு முறுக்கிக்கொண்டு வருகிற அந்தச் சத்தத்தைக் கேட்டபடி தண்ணீர் பாட்டிலோடு ரோட்டோரம் நிற்பேன். அவளைக் குணமாக்குவது என் கையில் இல்லை என்று எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. வாடையில்லாமல் கூட்டிப்போய் வருவதாவது என் கையில் இருக்கிறது என்று நினைத்தேன்.

அப்படித்தான் எலெக்ட்ரிக் கார் வந்தது. அது இப்போதும் வேங்கிக்காலில் என் வீட்டு வாசலில் நிற்கிறது. அவள்தான் இல்லை.

கார் வந்த அன்று தெருவில் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. ரிட்டயர் ஆன பிறகு சாருக்கு வயசு திரும்புகிறது என்றார் எதிர்வீட்டுக்காரர். ஆபீஸில் இருந்த காலம் முழுக்க ஊருக்கே பதில் சொல்லி அலுத்துப்போன ஆள் நான். முதல் தடவை அதில் ஏறி உட்கார்ந்ததும் அவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "வாடையே இல்லீங்க" என்றாள். போளூர் வருவதற்குள் தூங்கிவிட்டாள். நோய் வந்த பிறகு அவள் பகலில் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. பள்ளம் மேடு பார்த்துப் பார்த்து ஓட்டினேன். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை வெளியில் சொன்னால் வெட்கம்.

ஆனை வாங்கினவன் அங்குசத்தை மறந்த கதை பிறகுதான் தொடங்கியது. கம்பெனிக்காரன் காரோடு கொடுத்த சார்ஜரை ஏசி பிளக்கில் செருகி, ஜன்னல் வழியாக ஒயரை வெளியே விட்டிருந்தேன். ராத்திரி முழுக்க ஏறினாலும் பாதிதான் ஏறும். நடுவில் கரண்ட் போனால் அதுவும் இல்லை. பானையில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஒருமுறை வேலூரிலிருந்து திரும்பும்போது பாதி வழியிலேயே காரில் தெம்பு போய்விட்டது. ஹைவேயில் ஒரு சார்ஜ் போடுகிற இடத்தில், எங்களுக்கு முன்னால் இன்னொரு கார் நின்றிருக்க, அவள் பின் சீட்டில் முந்தானையால் முகத்தை மூடிப் படுத்துக் கிடந்தாள். வெயில் கண்ணாடி வழியாக அவள் கால்மேல் விழுந்தது. துண்டை எடுத்துப் போர்த்திவிட்டேன். அதற்கடுத்த வாரம் ஏசி பிளக்கு உருகிக் கறுத்துப்போனது. வீட்டில் ஒழுங்கான சார்ஜர் ஒன்று வைத்தே தீருவது என்று அன்றைக்கு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தால்தான் தெரிகிறது, சார்ஜரில் எத்தனை சாதி என்று. ஒயரோடு வருவது, ஒயர் இல்லாமல் வருவது, போனில் பார்த்துக்கொள்வது, கார்டு காட்டினால்தான் ஏறுவது. கடைக்காரப் பையன் ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடியோ அனுப்பினான். பேரன் பேத்தி படம் பார்ப்பதுபோல நான் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எலெக்ட்ரீஷியன் பாயைக் கூப்பிட்டேன். டவுனில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற குடும்பம். எங்கள் வீட்டுக்கு ஒயரிங் செய்தவர் அவர்தான். எதைக் கேட்டாலும் "அதெல்லாம் ஆயிடும் சார்" என்பார். அந்த வார்த்தை கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். முப்பது வருஷம் கலெக்டர் ஆபீஸில் அதே வார்த்தையை நானே அத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன், அதன் மதிப்பு எனக்குத் தெரியும்.

"ஜாஸ்தி யோசிக்காதீங்க சார். ஏழு கிலோவாட்டு போதும். ஒயரு அதுலயே வர மாதிரி வாங்கிடுங்க. சாப்ட்டு படுத்தா காலைல ஃபுல்லா இருக்கும். லோடு ஜாஸ்தி கேட்டு ஈபில எழுதிக் குடுத்துடலாம். அதெல்லாம் ஆயிடும்."

"வெள்ளையா, கருப்பா?" என்று போனில் இருந்த படத்தை மனைவியிடம் காட்டினேன்.

"கருப்பு எதுக்குங்க நம்ம வூட்டுக்கு? வெள்ளையே வாங்குங்க" என்றாள். அப்படியே வாங்கினேன்.

எங்கே மாட்டுவது என்பதில்தான் பேச்சு வந்தது. பாய் மீட்டர் பக்கத்தில் கையை வைத்துக் காட்டினார். வாசல் கேட்டை ஒட்டி, வடமேற்கில். கார் நிற்பதும் அங்கேதான். அரை நாள் வேலை. அவள் உள்ளேயிருந்து மெதுவாக நடந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அங்க வேணாம். அக்னி மூலைல வெக்கச் சொல்லுங்க."

இதை வெறும் வாஸ்துப் பேச்சு என்று தள்ள என்னால் முடியவில்லை. வீடு கட்டினபோதே கரண்ட் மீட்டரை வடமேற்கில் வைத்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. நெருப்பு இருக்கவேண்டியது தென்கிழக்கு. அதுதான் அக்னி மூலை. காற்றுக்குரிய மூலையில் நெருப்பை வைத்தால் வீட்டுப் பெண்ணுக்கு ஆகாது என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். நான் சிரித்தே அந்தப் பேச்சை அடக்கியிருந்தேன். அவளுக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து நான் சிரிக்கவில்லை, அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் மீட்டர் பெட்டியைக் கடந்துபோகும்போதெல்லாம் அதை ஒரு பார்வை பார்ப்பாள்.

"இருக்கறதத்தான் மாத்த முடியல. புதுசா வர்றதாவது சரியான எடத்துல இருக்கட்டுமேங்க" என்றாள்.

புடவை, நகை, ஊர் சுற்றல் எதுவுமே அந்த வருஷத்தில் அவள் கேட்டதில்லை. சாப்பாட்டில்கூட இது வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டது இது ஒன்றைத்தான். சரி என்று சொல்லிவிட்டேன். பாய் என் முகத்தைப் பார்த்தார். "ஆயிடும் சார்" என்றார்.

எங்களுடையது மூலை மனை. கிழக்கே ஒரு சந்து போகிறது. அக்னி மூலையில் சமையலறை, அதற்கு வெளியே துணி துவைக்கிற கல், கொடி. அங்கே காரைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டுமானால் சந்துப் பக்கம் காம்பவுண்டு சுவரை உடைத்துக் கேட்டு போட வேண்டும். உடைத்தேன். துவைக்கிற கல்லைப் பெயர்த்தேன். கொத்தனார் ஒரு நாள் வருவார், இரண்டு நாள் வரமாட்டார். நடுவில் ஒரு பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டத்தில் ஊரே அடைந்துகிடந்தது. யாரும் வேலைக்கு வரவில்லை. அவள் சமையலறை ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நாட்களில் அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. ரசம் சாதம் இரண்டு வாய் ஜாஸ்தியாகச் சாப்பிட்டாள். கல்லையும் மண்ணையும் பார்த்து ஒருத்திக்குப் பசிக்குமா என்று எனக்கே ஆச்சரியம். நானும் நம்ப ஆரம்பித்திருந்தேன், அதுதான் உண்மை.

வேலூருக்குப் போகவேண்டிய நாளுக்கு முந்தின நாள்தான் பாய் சார்ஜர் பெட்டியை மாட்ட வந்தார். காரில் இருந்தது கொஞ்சம்தான். ராத்திரி புதுப் பெட்டியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். வெள்ளைப் பெட்டி சுவரில் ஏறியது. ஒயரைக் காரில் செருகினார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கழற்றிச் செருகினார். மறுபடியும் சிவப்பு.

"வூட்டு எர்த்து பழசு சார், பத்தல. எர்த்து இல்லேன்னா இது காரைத் தொடவே தொடாது. புதுசா ஒரு குழி எடுத்துப் பைப்பு எறக்கிடலாம்" என்றார். அதுவும் ஆயிடும் என்றார்.

கடப்பாரையோடு ஓர் ஆள் வந்தார். முழங்கால் ஆழம் போவதற்குள் கடப்பாரை டங்கென்றது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். எனக்குப் பூதம்கூடக் கிளம்பவில்லை, பாறைதான் கிளம்பியது. சிறு கல்லாக இருக்கும் என்று சுற்றிலும் தோண்டினார்கள். ஒரே பாளமாகப் போய்க்கொண்டே இருந்தது. இந்த ஊரில் நெருப்புதான் குளிர்ந்து மலையாகி நிற்கிறது என்று சொல்லுவார்கள். அதன் வால் என் சமையலறைக்குப் பின்னால்வரை நீண்டிருக்கிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

"வாசக் கேட்டு பக்கம் நல்ல மண்ணு சார். அங்க எறக்கி இவ்ளோ தூரம் ஒயர் இழுத்தா இந்த மிஷின் ஒத்துக்குமானு தெரியல. பெட்டியவே அங்க மாத்திடலாம்" என்றார் பாய்.

ஜன்னலிலிருந்து அவள் குரல் வந்தது. "மாத்த வேணாங்க. கொஞ்சம் தள்ளித் தோண்டச் சொல்லுங்க. அந்த மூலைலயே."

தள்ளித் தோண்டினார்கள். அங்கேயும் டங்கென்றது. அவள் ஜன்னலைச் சாத்தவில்லை. ஆனால் நாற்காலியிலிருந்து எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நான் போய் அருகில் உட்கார்ந்தேன். சுவர்ப் பக்கம் திரும்பியபடியே, "பூமியே வேணாங்குது" என்றாள்.

பொழுது சாய்ந்துவிட்டது. மண் பக்கம் புதிதாகக் குழி எடுக்க இனி மறுநாள்தான். ஏசி பிளக்கு உருகின பிறகு பழைய சார்ஜரைச் செருகவும் வழியில்லை. பைபாஸில் ஒரு ஓட்டலில் சார்ஜ் போடலாம் என்று காரை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே மிஷின்மேல் 'வேலை செய்யவில்லை' என்று ஒரு அட்டை தொங்கியது. இருந்த கொஞ்சத்தையும் போக வரவே கரைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது எனக்கென்றே சொல்லி வைத்தது.

காலையில் வாடகைக் கார் வந்தது. டீசல். அவள் வாசலில் நின்று எங்கள் காரையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்தாள். முந்தானையால் மூக்கை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். போளூருக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தச் சொன்னாள். பிறகும் நிறுத்தச் சொன்னாள். டிரைவர் நல்லவர், ஒவ்வொரு தடவையும் இஞ்சினை அணைத்தார்.

ஆஸ்பத்திரியில் அவளை வெளியே சக்கர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் சின்ன வயசு. ஸ்கேனை என் பக்கம் திருப்பவே இல்லை. மருந்து இனிக் கேட்காது, அதைக் கொடுத்து உடம்பைப் படுத்த வேண்டாம், வலிக்கு எழுதித் தருகிறேன், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இனிமேல் அலைய வேண்டாம் என்றார். அலைச்சல் மிச்சம் என்று அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். எனக்கு அந்தச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"அடுத்தது எப்போன்னாங்க?" என்று கேட்டாள்.

"போன் பண்ணிச் சொல்றாங்களாம்" என்றேன்.

அதே டீசல் காரில் திரும்பினோம். எந்த வாடையிலிருந்து அவளைக் காப்பாற்ற அத்தனை பாடுபட்டேனோ, அவள் கடைசியாக வேலூர் போய் வந்தது அந்த வாடையில்தான். சுவரை உடைக்காமல் அன்றைக்கே வாசல் கேட்டுப் பக்கம் மாட்டியிருந்தால் அவள் தூங்கிக்கொண்டே போய்த் தூங்கிக்கொண்டே வந்திருப்பாள். அவள் கேட்டதைச் செய்யாமலும் என்னால் இருந்திருக்க முடியாது. இரண்டையும் நினைத்துப் பார்த்தாகிவிட்டது. இன்னும் ஆறவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பாய் வந்து நின்றார். கேட்டுப் பக்கம் மாட்டிவிடலாம் சார் என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வேண்டாம் என்றால் ஏன் என்று அவள் கேட்பாள். மாட்டுங்க என்றேன். வடமேற்கில் மண் வெண்ணெய்போல இறங்கியது. கரியும் உப்பும் போட்டுப் பைப்பை இறக்கினார். ஒயரைச் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. "ஆயிடுச்சு சார்!" என்று பாய் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். அவருக்கு நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் உள்ளே போனேன். அவள் கட்டிலில் படுத்திருந்தாள். அந்த அறையிலிருந்து வாசலும் தெரியாது, அக்னி மூலையும் தெரியாது. எழுந்து போய்ப் பார்க்க அவளால் ஆகாது.

"நேத்து டிரில் சத்தம் வாசப் பக்கம் கேட்டுதே?"

"அது மீட்டர் போர்டுல ஏதோ மாத்துனாரு."

"பெட்டிய எங்க வெச்சீங்க?"

"நீ சொன்ன எடத்துலதான். பாறைய ஒடச்சிட்டாங்க."

அவள் கண்ணை மூடினாள். எத்தனையோ மாசமாகக் காணாத ஒரு சிரிப்பு வந்தது. "நான் சொன்னேன் இல்ல" என்றாள். மூடின கண்ணைத் திறக்கவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்தேன்.

"ஃபுல்லா ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு."

"அப்ப வேலூருக்கு எப்பங்க போறோம்?"

ஒயரைக் கழற்றிவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.