அரை அரை மணியாக

போன வாரம் மகளின் தேர்வுக்காக விருதுநகர் சந்திப்பில் நின்றிருந்தோம். ரயில் இருபது நிமிடம் தாமதம் என்றது கைபேசி. இருபது நிமிடம் கழித்தும் அதையேதான் சொன்னது. மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பயணத்தைக் கைவிட்டு முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம் என்று விதியை எடுத்துக் காட்டினாள் மகள். தேர்வைத் திரும்பத் தருவார்களா? வாடகைக் கார் பிடித்துப் போய், தேர்வு மையத்தின் கதவைச் சாத்துகிற நேரத்தில் அவளை உள்ளே தள்ளினேன். ரயிலை நம்பி இப்படி நின்றது எனக்கு இரண்டாவது முறை.

முதல் முறை நடந்தபோது நான் சின்னப் பிள்ளை. அக்காவுக்கு மதுரையில் நர்ஸ் படிப்புக்கு நேர்காணல். மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும். விடிந்ததுமே வீட்டோடு கிளம்பி சிவகாசி ஸ்டேஷனுக்கு வந்துவிட்டோம். கரும்பலகையில் 'அரை மணி நேரம் தாமதம்' என்று எழுதியிருந்தது. அரை மணி போனதும் அழித்துவிட்டு மறுபடி அதையே எழுதினார்கள். அரை மணிக்காக யார் டிக்கெட்டை விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள்?

அப்பாவுக்குப் பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை. அந்த அறைக்குள் ஓடக்கூடாது, குரலை உயர்த்தக்கூடாது, போர்மேன் சொல்லாமல் இடத்தை விட்டு அசையக்கூடாது. உயிரோடு வீடு திரும்ப அதுதான் வழி. ஸ்டேஷனிலும் அப்படியேதான் நின்றார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இது என்ன ஒங்க மருந்து ரூமா? இங்கன ஒண்ணும் வெடிக்காது. போயிக் கேளுங்க!"

"சத்தம் போடாத. ஐயாவே சொல்லுவாக."

அம்மாவே போய்க் கேட்டாள். உள்ளேயிருந்த அதிகாரி நிமிரவில்லை. "போர்டுல எழுதியிருக்குல்ல? வாசிக்கத் தெரியாதா?"

"எம்மக மூணு வாட்டி வாசிச்சுட்டாய்யா. எம்புட்டு நேரமாகும்னு நெசத்தைச் சொல்லுங்க, நாங்க பஸ்ஸப் பிடிச்சாவது போயிருதோம்."

"லேட்டுன்னா லேட்டுதாம்மா."

நாங்கள் மதுரையில் போய் நின்றபோது நேர்காணல் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு வரலாமா என்று அக்கா கேட்டாள். ரயில் தாமதம் என்பதை அங்கே யாரும் ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் விடியலில் எங்கள் தெருமுனையில் வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் தீப்பெட்டி கம்பெனி வேன் வந்து நின்றது. அது ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. அக்கா தூக்குச்சட்டியோடு ஏறினாள். இனி அவள் மதுரை விடுதிக்குப் போகமாட்டாள், என் பக்கத்திலேயே படுப்பாள் என்ற சந்தோஷத்தில் கையை ஆட்டிக் கத்திக்கொண்டே வேனுக்குப் பின்னால் ஓடினேன். அவள் ஏன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.