துண்டில் செய்த யானை

பிள்ளைகளே, நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் உங்கள் கட்டிலில் துண்டை மடித்து யானை செய்து வைக்கிறேனே, அது நானாகக் கற்றது இல்லை.

தூரத்துத் தீவுகளைச் சுற்றிக் காட்டும் கப்பலில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குப் பிரேசர் டவுனில் ஓர் அலுவலகத்தில் ஆள் எடுத்தார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் ஒல்லியான ஒருவர், வெளுத்த சட்டையில் உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்கும்போதும் மடியில் ஒரு துண்டை மடித்துக்கொண்டே இருந்தார்.

"பயணிங்க கட்டில்ல யானை செஞ்சு வைக்கணும் தம்பி. உள்ள அதத்தான் கேப்பாங்க. கால இறுக்கிச் சுருட்டுங்க, அப்பத்தான் நிக்கும்" என்று மூன்று முறை செய்து காட்டினார்.

உள்ளே என் யானை நின்றது. "யாருப்பா சொல்லிக் கொடுத்தது?" என்றார் அதிகாரி.

"நானே பழகினேன் சார்."

அறைக் கதவு திறந்தே இருந்தது. மிச்சமிருந்த ஒரே இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, மற்றவர்களைப் போகச் சொன்னார்கள்.

நான் வெளியே வந்ததும் அந்த ஒல்லியானவர் துண்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "யானை நின்னுச்சா தம்பி?" என்று கேட்டார்.

"நின்னுச்சுண்ணா."

"சரி, நல்லாப் பண்ணுங்க" என்று படியிறங்கிப் போனார்.

உள்ளே நான் அதிகாரியிடம் சொன்னது அவர் காதில் விழுந்ததா, தெரியவில்லை. விழுந்திருக்காது என்றே இத்தனை வருடமாக நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைப்பதற்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.