ஒரு லிட்டரின் எடை

சிறுநீரகங்கள் இரண்டும் பழுதுற்றபின் என் மனைவிக்கு மருத்துவர் வகுத்த நாளளவு முக்கால் லிட்டர் நீர். மோரும் குழம்பும் அதனுள் அடக்கம். படப்பையிலிருந்து வாரம் இருமுறை குருதிச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்வேன். ஒரகடம் ஆலைப் பேருந்துகளுக்கிடையே ஆட்டோ சிக்கி நிற்கையில், கடை வாசலில் அடுக்கிய தண்ணீர்க் கேன்களையே அவள் பார்த்திருப்பாள்.

நான் பள்ளியில் வேதியியல் கற்பித்தவன். பெரும்பாலான நீர்மங்கள் உறையும்போது சுருங்கும். நீரோ ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்கு விரியும். அந்த விரிவைக்கொண்டு அவள் விடாயை ஏமாற்ற முற்பட்டேன். அவள் பங்கில் பாதியைப் பனிக்கட்டியாக்கிக் கொடுத்தேன். உருகுவதற்கான வெப்பத்தை அது வாயிலிருந்தே ஈர்த்துக்கொள்ளும். நா குளிரும், பொழுதும் சற்றுக் கழியும்.

“ஊருக்கெல்லாம் தண்ணியப் பத்திப் பாடம் எடுத்துட்டு எனக்குக் கல்லக் குடுக்கறீங்க,” என்றாள் சிரித்தபடி.

சித்திரையில் ஒரு காலை, அவள் எடை இரண்டு நாள் முன்பிருந்ததைவிட ஒரு கிலோ கூடியிருந்தது. ஒரு லிட்டர் நீரின் நிறை ஒரு கிலோ. நான் அறியாமல் குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டினேன். இல்லவே இல்லை என்றாள். நம்பவில்லை. கேனை உள்ளறையில் வைத்துப் பூட்டினேன். அவள் சாவியைக் கேட்கவுமில்லை, முகங்கொடுத்துப் பேசவுமில்லை. மறுநாள் அவள் கால்கள் வீங்கின.

சுத்திகரிப்பு நாளன்று செவிலி, சிறுநீர் இப்போது எவ்வளவு போகிறது என்று வினவினாள். நான்கு நாள்களாக ஒரு துளியும் இல்லை என்று தலைகுனிந்து சொன்னாள் என் மனைவி. உட்சென்றதை மட்டுமே நான் கணித்திருந்தேன். வெளியேறுவது நின்றிருக்கலாம் என்று ஒருகணமும் எண்ணவில்லை. மாணவன் இப்படி எழுதியிருந்தால் தவறென்று சுழித்திருப்பேன்.

திரும்பும் வழியில், ஏன் மறைத்தாய் என்று கேட்டேன்.

“சொன்னா இன்னும் கொறச்சிடுவீங்கன்னுதாங்க,” என்றாள்.

குறைக்கமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அன்று மருத்துவர் இனி அரை லிட்டர் என எழுதிய தாள் என் சட்டைப்பையில் இருந்தது. வீடு சேர்ந்து அதைப் படித்துக் காட்டினேன். எழுந்து சென்று முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு, துடைக்காமல் வந்து அமர்ந்தாள்.