இன்னும் மூன்று மாதம்

பஞ்சலிங்கத்துக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது என்று கோப்பாய் முழுக்கக் கதை. பிறவிக் குணம் என்றார்கள் சிலர். பச்சைப் பொய். சின்னனில் அந்தாள் மற்றப் பொடியளைப் போலச் சாப்பிட்டு, படித்து, அடி வாங்கித்தான் வளர்ந்தார். அந்த வியாதியைக் கொடுத்தது சயாம் தேசத்து எல்லையில் இருந்த ஒரு சின்ன யன்னல்.

முதலில் அவர் போனது மலாயாவுக்கு. நாலு எழுத்து இங்கிலீசு தெரிந்த பொடியன் அந்த நாளில் வேறெங்கே போவான்? ரெயில்வேயில் ரிக்கற் கிளாக்கர் வேலை. லீவில் வந்து சிவக்கொழுந்தைக் கலியாணம் முடித்து, "குவாட்டேர்ஸ் கிடைச்ச உடனை உம்மையும் கூப்பிடுவன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கப்பலேறினார். குவாட்டேர்ஸ் கிடைக்கவில்லை. உலகமெல்லாம் வியாபாரம் படுத்து, றப்பர் விலை விழுந்து, முப்பத்தோராம் ஆண்டு ரெயில்வே ஆட்களைக் கழித்தபோது அவரும் கழிபட்டார். ஊரில் அப்போதுதான் மகள் அருந்ததி பிறந்திருந்தாள். தகப்பன் இன்னும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

பேசாமல் ஊருக்கு வந்திருக்கலாம். ஆனால் வேலை பறிபோன மலாயாக்காரன் யாழ்ப்பாண ஸ்ரேசனில் இறங்கி, பெட்டியும் கையுமாகக் கோப்பாய் றோட்டில் வருவதென்றால் சும்மாவா? "என்ன தம்பி, லீவோ?" என்று வேலிக்கு வேலி ஒரு வாய் கேட்கும். அத்தனை வாய்க்கும் என்ன பதில் சொல்வது? மானம் விடவில்லை.

அப்போது கைகொடுத்தவர் தெல்லிப்பழைக் கனகலிங்கம். மலாயாவும் சயாமும் முட்டுகிற பாடாங் பெசாரில் அவர் ஸ்ரேசன் மாஸ்டர்.

"எல்லைக்கு அங்காலை, ஹாட்யாயிலை ஒரு சீன முதலாளி பலகை அரியிற மரக்காலை வைச்சிருக்கிறான். இங்கிலீசு கதைக்க ஓர் ஆள் வேணுமாம். போய்ப் பாரும்" என்றார்.

சயாமுக்குள் போக இரண்டு வழி இருந்தது. ஒன்று, 'இங்கே குடியிருக்க வந்தவன்' என்று பதிந்துவிடுவது. மற்றது, ஊர் பார்க்க வந்தவன் என்று பாஸ்போட்டில் மூன்று மாதத்துக்கு முத்திரை குத்துவித்துக்கொள்வது. மூன்று மாதம் முடிந்தால் வெளியே வந்து, பினாங்குக்குப் போய்ப் புது விசா எடுத்து, மறுபடியும் உள்ளே போகவேண்டும். முதலாளி பதியச் சொன்னான். கனகலிங்கமும் சொன்னார். இவர் கேட்டால்தானே!

"அண்ணை, நான் என்ன இருக்கவோ வந்தனான்? பெண்சாதி பிள்ளை இருக்கிற இடம்தான் என்ரை இடம். குடியிருக்கிறவன் எண்டு எப்பிடி அண்ணை கையெழுத்து வைக்கிறது? இந்த மூண்டு மாதத்தோடை நான் ஊருக்குப் போயிடுவன்."

உண்மையாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை. ஒவ்வொரு மூன்று மாதமும் உண்மையாகத்தான் சொன்னார்.

முதல் தவணை முடிந்து வெளியேற வந்த நாளில் ஒரு கூத்து நடந்தது. முத்திரை குத்துகிற யன்னலுக்குள் இருந்த சயாம் அதிகாரி பினாங்கில் படித்தவன். தமிழாட்களோடு பழகி நாலைந்து சொல் பொறுக்கி வைத்திருந்தான். தமிழ் முகத்தைக் கண்டால் அதை எடுத்து விடாவிட்டால் அவனுக்குப் பத்தியப்படாது. பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய, "போறியா?" என்று கேட்டான்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுடைய வாயில் என்ன வரும்? வாசலைத் தாண்டும்போது 'போறன்' என்று எவனாவது சொல்வானா? 'போறன்' என்று போகிறவன் திரும்பி வராதவன். தாய் பால் கொடுக்கும்போதே சேர்த்துப் பருக்கிய பயம் அது. பஞ்சலிங்கம் வெகு மரியாதையாகச் சொன்னார்:

"ஓம் ஐயா, போட்டு வாறன்."

அதிகாரிக்கு 'வா' என்ற சொல்லும் தெரிந்திருந்தது! முகம் மாறிவிட்டது. வாறியா? திரும்பி வருகிறவன் எப்படி ஊர் பார்க்க வந்தவன் ஆவான்? பாஸ்போட்டைப் பிடித்து வைத்துக்கொண்டான். பாவம் மனுசன், அரைநாள் வாங்குப் பலகையில் குந்தியிருந்தார். கடைசியில் கனகலிங்கம் ஸ்ரேசனிலிருந்து ஓடி வந்து, கதைத்துக் கெஞ்சி மீட்டுக்கொண்டு போனார்.

"'போறன்' எண்டு ஒரு சொல்லுச் சொன்னா என்ன, நாக்கு அழுகிப் போமோ?"

"வாய் வருகுதில்லை அண்ணை. வீட்டிலை அவை இரண்டு பேரும் இருக்கினம்."

"அப்ப பதியும்."

"அது மாட்டன்."

அடுத்த தவணைக்கு வாய் வந்தது. வீட்டுப் பக்கம் மனதைத் திருப்பாமல், கண்ணை மூடிக்கொண்டு 'போறன்' என்றார். அதற்கடுத்த முறை கண்ணை மூடவில்லை. பிறகு பிறகு அந்தச் சொல் தானாகவே விழுந்தது. இப்படியே ஒன்பது வருசம். மூன்றாம் மாதம் நெருங்கினால் கால் உளையும், நித்திரை வராது, கை பெட்டியைத் தேடும். ஊருக்குக் காசு வந்தது, மகளுக்குச் சட்டைத்துணி வந்தது, ஆள் வரவில்லை.

பிறகு அந்த யன்னலுக்குப் புதிதாக ஓர் இளம் அதிகாரி வந்தான். தமிழும் தெரியாது, சிரிப்பும் தெரியாது. பாஸ்போட்டை முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினான். முத்திரை குத்த வெறும் இடம் இல்லை.

"நீ ஊர் பார்க்க வந்தவனா? இந்த ஊரில் என்னைவிடக் கனகாலம் இருந்திருக்கிறாய். குடியிருக்கிறவன் என்று எழுதிக் கொடு, இல்லாவிட்டால் உன் வீட்டுக்குப் போ" என்றான்.

பஞ்சலிங்கம் எழுதிக் கொடுக்கவில்லை; நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அது நாற்பத்தோராம் ஆண்டுச் சித்திரை.

வந்து பார்த்தால் வீடு அவர் இல்லாமல் நடக்கப் பழகியிருந்தது. தோட்டக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற முறை நாள் எது, ஆட்டுக்குக் குழை வெட்டுவது யார் என்பதெல்லாம் சிவக்கொழுந்தின் விரல் நுனியில். அவருக்கென்று அங்கே ஒரு வேலையும் மிச்சமில்லை. அருந்ததி பள்ளிக்கூடத்தால் வந்து, "அம்மா, ஐயா நிக்கிறாரோ?" என்று மெல்லக் கேட்பாள். வந்தவர் போய்விட்டாரா என்று கேட்கிற கேள்வி அது. அவருக்குத் தேத்தண்ணி வருவது, விருந்தாட்களுக்கென்று பெட்டகத்தில் வைத்திருந்த வெள்ளி மூக்குப்பேணியில். தாயும் மகளும் குடிப்பது அடுக்களையில் கிடக்கிற தேங்காய்ச் சிரட்டையில். அந்த வெள்ளிப் பேணியைப் பாராமல், முற்றத்தைப் பார்த்துக்கொண்டு குடிப்பார். எனக்கும் சிரட்டையில் தாரும் என்று கேட்டிருக்கலாம். விருந்தாளி கேட்பானா?

ஊர்வாயோ சொல்லத் தேவையில்லை. முன்வீட்டுக் கதிரவேலு அண்ணை வேலிக்கு மேலால் தலையை நீட்டுவார்.

"எப்ப வந்தனீர்? எப்ப பயணம்?"

இரண்டு கேள்வியும் ஒரே மூச்சில். ஒன்றுக்குப் பதில் சொல்ல முன் மற்றது வந்து நிற்கும். பஞ்சலிங்கத்தின் வாய், யன்னலுக்குச் சொல்லிப் பழகியதையே சொல்லிற்று.

"வாற மாதம் அண்ணை."

அடுக்களைக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சிவக்கொழுந்தின் கை ஒருக்கால் நின்று, பிறகு முன்னையிலும் வேகமாகத் துருவியது.

ஆடி பிறந்தது. மூன்று மாதம் முடிந்தது. கால் உளையத் தொடங்கிவிட்டது. விடிய எழும்பி பஸ் ஏறித் தொண்டைமானாற்றுக்குப் போனார், சந்நிதிக் கோயிலில் கும்பிட்டுவிட்டு, ஆறு கடலோடு சேருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், பொழுதுபட வந்தார். அடுத்த கிழமை காங்கேசன்துறைக்குப் போய்க் கடலைப் பார்த்தார். எங்கே போனாலும் அன்றைக்கே திரும்ப வேண்டியிருந்தது. திரும்பி வந்தால் வெள்ளிப் பேணி. இங்கே இருக்க எனக்கு என்ன உரித்து என்ற கேள்வி அந்தாளை அரித்துத் தின்றது. சயாமிலாவது மூன்று மாதம் இருக்கலாம் என்று ஒருவன் முத்திரை குத்தித் தந்தான். இங்கே யார் தந்தார்கள்?

ஒருவரோடும் கலந்து யோசியாமல் கொழும்புக்கு எழுதிப் புதுப் பாஸ்போட்டு எடுப்பித்தார். ஐப்பசியில் ஒரு நாள், "முதலாளி வரச் சொல்லுறான். கொஞ்ச நாளைக்குப் போய்ப் பாப்பம் எண்டு..." என்று மனைவியிடம் இழுத்தார்.

"ம்" என்றாள் சிவக்கொழுந்து. அவ்வளவுதான். அழுது பிடித்து நிற்பாள் என்று அந்தாள் உள்ளுக்குள் எதிர்பார்த்தது அவளுக்குத் தெரியாமலில்லை. ஏன் அழவேண்டும்? போகிற ஆளுக்கு இடியப்பம் அவித்துக் கட்டினாள்.

பயணக் காலை. ஒழுங்கை முனையில் கார் வந்து நின்றது. பஞ்சலிங்கம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலிப் படலையடிக்கு வந்தார். அருந்ததியின் தலையைத் தடவினார். மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் படலைக் கொண்டியைப் பார்த்துக்கொண்டு, ஒன்பது வருசப் பழக்கத்தில் சொன்னார்:

"போறன்."

சொன்ன பிறகுதான் அவருடைய காதிலேயே விழுந்தது. அருந்ததி "ஐயோ அம்மா!" என்று வாயைப் பொத்தினாள். வேலிக்கு மேலால் தெரிந்த கதிரவேலு அண்ணையின் தலைகூடக் கீழே போய்விட்டது.

சிவக்கொழுந்துக்கு முகம் வெளிறிவிட்டது. "உள்ளை வாங்கோ" என்றாள். "உந்தச் சொல்லோடை என்ரை படலையைத் தாண்ட விடமாட்டன். வந்து இருந்து, தண்ணி குடிச்சிட்டு, பிறகு ஒழுங்காச் சொல்லிப்போட்டு வெளிக்கிடுங்கோ. வாய் பிசகினா அதுதானே முறை."

அவர் வந்து அடுக்களை வாசலில் குந்தினார். அந்த அவசரத்தில் அவள் பெட்டகத்தைத் திறக்கவில்லை. கைக்கு எட்டிய சிரட்டையில் தண்ணீரை வார்த்து நீட்டினாள். பஞ்சலிங்கம் அதை இரண்டு கையாலும் வாங்கினார். குடிக்க முடியவில்லை, அழுகை வந்துவிட்டது. அழுதழுது, அந்த யன்னலை, முத்திரையை, 'போறியா' என்று கேட்டவனை, 'போறன்' என்று சொல்லப் பழகிய கதையை எல்லாம் கொட்டினார். ஒழுங்கை முனையில் கார்க்காரன் ஹோர்ன் அடித்து அடித்துக் களைத்துப்போனான்.

சிவக்கொழுந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து வருசமாக அடக்கி வைத்திருந்த கோபம் அவளுக்கு அப்போதுதான் வந்தது.

"ஒம்பது வருசமா, மூண்டு மாதத்துக்கு ஒருக்கால், முன்பின் தெரியாத ஒருத்தனிட்டைப் போய் 'இருக்க விடு, இருக்க விடு' எண்டு கேட்டிருக்கிறியள். வந்து ஆறு மாதமாகுது. என்னட்டை ஒருக்கால் கேட்டனீங்களே?"

கார் போய்விட்ட சத்தம் கேட்டது. பஞ்சலிங்கம் சிரட்டைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்தார். பிறகு, யன்னலுக்கு முன்னால் நிற்கிறவரைப் போல எழுந்து நின்று, கேட்டார்.

"நான் இஞ்சை இருக்கட்டே?"

சிவக்கொழுந்து சிரட்டையை வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்சம் நிற்கட்டுமே!

"மூண்டு மாதம் இருங்கோ. பிறகு பாப்பம்" என்றாள்.

மார்கழியில் யப்பான்காரன் சயாமிலும் மலாயாவிலும் இறங்கினான். கப்பல் நின்றது, பாதை மூடியது. இனிப் போக நினைத்தாலும் போக இடமில்லை. ஒருவரிடமும் கேளாமல் சும்மா இருந்துவிடலாம். ஆனால் தை முடிகிற ஒரு காலை, கிணற்றடியில் இறைப்பு முடித்து வந்தவர், மண் காலோடு அடுக்களை வாசலில் வந்து நின்றார். கால் உளைவு இன்னும் விடவில்லை; ஒரு காலை மாற்றி மற்றக் காலில் நின்றார்.

"இஞ்சேரும், தவணை முடிஞ்சுது."

சிவக்கொழுந்து தேங்காய் துருவுகிற திருவலையிலிருந்து நிமிரவில்லை.

"சரி சரி, இன்னும் மூண்டு மாதம். காலைக் கழுவிப்போட்டு உள்ளை வாங்கோ."