இடது கைக்கு ஒரு டிரில்

அய்யா, உங்கள் டிரில்லை நேற்று சார்ஜில் போட்டேன். "சும்மா கெடந்தா பேட்டரி செத்துப்போகும் தாயி, அப்பப்பக் கொஞ்சம் கரண்டு குடு" என்று நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. பச்சை விளக்கு எரிந்ததும் கழற்றி, பழைய துண்டால் துடைத்து, பெட்டியில் வைத்து மூடினேன். அம்மா அடுப்படியில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். எதற்கு இப்போது அது என்று கேட்பாள் என்று நினைத்தேன். "தூசி போகாம வையி" என்று மட்டும் சொன்னாள்.

என்னைப் பெற்ற அய்யா இறந்து இன்னும் வருசம் திரும்பவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள் அவர் எப்படிப்பட்டவர் என்று என்னிடம் பேச்சுக் கொடுத்தால், எனக்கு அந்த டிரில் வாங்கின கதைதான் முதலில் வாயில் வருகிறது. அழுகை வருவதற்குள் சிரிப்பு வந்துவிடுகிறது. வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

எங்கள் ஊர் பரமக்குடியிலிருந்து அபிராமம் போகிற வழியில் இருக்கிறது. அய்யாவுக்குக் கொஞ்சம் நிலம். மழை பெய்தால் நெல், பிறகு மிளகாய். ஒரு நாள் காலையில் மிளகாய்ச் செடிகளுக்கு நடுவிலேயே விழுந்துவிட்டார். பக்கவாதம் என்றார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தபோது பேச்சு வந்துவிட்டது, வலது பக்கம் வரவில்லை. வலது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. வலது காலை இழுத்து இழுத்து நடப்பார், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தால். கம்பு ஊன்றியும் பார்த்தார். மேடும் பள்ளமுமான எங்கள் கொல்லையில் கம்பு அவருக்கு முந்தி வழுக்கியது. எங்கள் கக்கூஸ் கொல்லையின் கடைசியில் இருக்கிறது. பின்வாசலில் இருந்து அதுவரைக்கும் இடது பக்கம் சுவர் போகிறது. ஆனால் வெறும் சுவரில் கை எதைப் பிடிக்கும்?

அந்தச் சமயத்தில்தான் நான் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தேன். நான் வாக்கப்பட்டது பெரியபட்டினம் பக்கம். என் வீட்டுக்காரர் மீன் வண்டி ஓட்டுகிறார், பாதி நாள் ரோட்டில்தான் இருப்பார். இங்கே அம்மா விடிந்ததும் காட்டு வேலைக்குப் போய்விடுவாள். ஆகவே அய்யாவைக் கொல்லைக்குக் கூட்டிப்போவது என் வேலை ஆனது. அவர் இடது கை என் தோளில் இருக்கும். பாரம் முழுவதையும் என் மேல் போட்டுவிடாமல் இருக்க அவர் படும் பாடு எனக்குத் தெரியும், மூச்சை அடக்கிக்கொண்டு நடப்பார். என் வயிறு பெரிதாகப் பெரிதாக அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தார். காலையில் வைத்த செம்பு சாயங்காலம் வரை அப்படியே இருக்கும். கேட்டால், "தாகமே இல்ல தாயி" என்பார். உதடு வெடித்திருக்கும்.

அம்மா கண்டுபிடித்துச் சத்தம் போட்டாள். அப்போதுதான் அவர் மனதில் இருந்ததைச் சொன்னார். சுவரோடு ஒரு இரும்புக் குழாய் பதித்துவிட்டால், அதைப் பிடித்து அவராகவே போய்வருவார். கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் வாசலோடு நின்று என் வயிற்றைப் பார்த்தார். "மாசமா இருக்கிற புள்ள இருக்கிற வீட்டுல நான் சுவத்தத் தொட மாட்டேன் மாமா. பெத்து எறக்கட்டும். ஓடியாந்து செஞ்சு தாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் பக்கம் அப்படித்தான். வீட்டில் ஒருத்தி வாயும் வயிறுமாக இருந்தால் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டார்கள், பிள்ளைக்கு ஆகாது என்று. அம்மாவும் கொத்தனார் கட்சிதான்.

"அவ பெத்து எறக்குற வரைக்கும் நான் அடக்கிக்கிட்டு இருக்கவா?" என்று அய்யா கேட்டார். "அவளுக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னுதான் நான் குழாய் கேக்குறேன். அவ இருக்கிறதால குழாய் கூடாதுங்கிற. நல்ல நியாயம்டி உன் நியாயம்."

"நியாயமோ அநியாயமோ, என் பேரப்புள்ளைக்கு ஒண்ணு ஆகக் கூடாது" என்றாள் அம்மா. அதோடு பேச்சு முடிந்தது. அய்யா மனசில் அது முடியவில்லை.

எனக்கு ஸ்கேன் எடுக்கப் பரமக்குடி போகும் நாளில் தானும் ஆட்டோவில் வருவேன் என்று அடம்பிடித்து ஏறிக்கொண்டார். மடியில் ஒரு மஞ்சப்பை. ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் ஆட்டோக்காரரை ஒரு ஹார்டுவேர் கடைக்கு விடச் சொன்னார். கடைக்காரர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, என்ன வேணும் என்று கேட்டார். "இடது கைக்கு ஒரு டிரில்லு வேணும். ஒயர் இல்லாதது" என்றார் அய்யா. கொல்லையில் பிளக் பாயிண்ட் கிடையாது. ஒயரை இழுத்துக்கொண்டு போனால் தடுக்கி விழுந்து மிச்சம் இருக்கிற கையும் போய்விடும் என்பது அவர் கணக்கு.

"என்ன வேலைக்குங்கய்யா?"

"குழாய் மாட்டணும்."

"திரைச்சீலை மாட்டவா?"

"ஆமா, அரமனைக்கு."

கக்கூஸ் என்ற சொல் கடைசி வரை அவர் வாயிலிருந்து வரவில்லை.

பிறகு மஞ்சப்பையைக் கவிழ்த்தார். ஒரு செங்கல்லும், உடைந்த கான்கிரீட் கட்டி ஒன்றும் மேசைமேல் விழுந்தன. கக்கூஸ் கட்டியபோது கொல்லையில் மிஞ்சிக் கிடந்தவை. வீட்டுச் சுவர் செங்கல், நடுவில் வரும் தூண் கான்கிரீட், இரண்டிலும் துளை போட்டுக் காட்டு என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். "என்னம்மா, வீட்டப் பேத்துக் கையோட கொண்டாந்துட்டாரு?" என்றார். ஆனாலும் நல்ல மனிதர், எடுத்துக் காட்டினார்.

முதலில் சின்னதாக ஒன்று. கைக்கு லேசாக இருந்தது. செங்கல்லில் வெண்ணெய் போல இறங்கியது. கான்கிரீட்டில் வைத்ததும் கத்தியதே தவிர உள்ளே போகவில்லை. சுற்றுவது மட்டும் போதாது, சுற்றிக்கொண்டே முன்னும் பின்னும் குத்தவும் வேண்டும், அதற்குத்தான் ஹேமர் உள்ள டிரில் என்று சொல்லி, பெரிதாக ஒன்றைக் கொண்டுவந்தார். அது கான்கிரீட்டைக் கண் மூடித் திறப்பதற்குள் துளைத்தது. அய்யா கையில் வாங்கி அழுத்தியதும் முனையில் துளை போடுகிற பிட் கல்லில் மாட்டிக்கொண்டு, டிரில் அவர் மணிக்கட்டையே முறுக்கப் பார்த்தது. கடைக்காரர் பாய்ந்து பிடித்தார். அய்யாவுக்கு வேர்த்துவிட்டது. "இது நம்மள ஓட்டும் போலருக்கே" என்றார். மூன்றாவது, இரண்டுக்கும் நடுவில். ஹேமர் உண்டு, கான்கிரீட்டில் மெதுவாக இறங்கியது, பக்கவாட்டில் மாட்ட ஒரு கைப்பிடியும் இருந்தது. பேட்டரி இரண்டு.

அத்தோடு வாங்கியிருக்கலாம். அய்யா விடவில்லை. டிரில்லைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, இடது கையாலேயே பிட்டைச் சொருகி, அதன் வாயைத் திருகி இறுக்கிப் பார்த்தார். கழற்றினார். மறுபடி சொருகினார். முன்னாடி சுற்றுவதையும் பின்னாடி சுற்றுவதையும் மாற்றுகிற பொத்தானை இடது கை விரலால் தள்ளிப் பார்த்தார். ஆணி வாங்க வந்த ஒருவர், "பெருசு என்ன, மடியில வச்சு சோறு ஊட்டுதா?" என்று கேட்டார். "ஊட்டுறேன்ப்பா. நாளைக்கு இதுதான எனக்குக் கஞ்சி ஊத்தணும்" என்று அய்யா சொல்ல, கடையே சிரித்தது. கையை நீட்டி டிரில்லைத் தூக்கிப் பிடித்து, கடைக்காரர் டீ குடித்து முடிக்கிறவரை அப்படியே இருந்தார். கை இறங்கவில்லை. "இதையே கட்டுங்க" என்றார். குழாயும், அதைச் சுவரில் முடுக்கத் திருகாணிகளும் கூடவே வாங்கி ஆட்டோ மேல் கட்டினோம்.

வீட்டில் அம்மா ஆடிய ஆட்டத்தை எழுத முடியாது. ஆனால் புதுச் சாமான் என்பதால் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்துத்தான் திட்டினாள். "கும்பிட்டாச்சு. இனி இவ பெத்த பெறகுதான் இதத் தொடணும்" என்று பீரோவுக்கு மேலே ஏற்றிவிட்டாள்.

அய்யா ஆட்டோக்காரரைக் கொண்டு அதை இறக்கி, வயலுக்கே கொண்டுபோனார். "இது வீடு இல்ல, காடு. இங்கன தொளை போட்டா எந்தப் புள்ளைக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார். அந்தக் கான்கிரீட் கட்டியை வரப்பில் முட்டுக்கொடுத்து வைத்துப் பழகினார். ஒரு கையால் எடை தாங்கவும் அழுத்தவும் முடியவில்லை. கடைசியில் வேலியில் கிடந்த, நுனி இரண்டாகப் பிரிந்த கருவைக் கவட்டை ஒன்றை நட்டு, டிரில்லின் கழுத்தை அந்தக் கவட்டையில் உட்காரவைத்தார். எடையைக் கவட்டை தாங்கியது. பிட் மாட்டி டிரில் திரும்பப் பார்த்தால் பக்கவாட்டுக் கைப்பிடி கவட்டையில் முட்டி நின்றது. இடது கைக்கு அழுத்துகிற வேலை மட்டும்தான். சாயங்காலம் தலையெல்லாம் தூசியோடு வந்து, "நம்ம காட்டுல வேலிக்கருவைக்கும் ஒரு வேல வந்துருச்சு" என்று சிரித்தார். ஆனால் சுவரோரம் கவட்டையை யாராவது ஆடாமல் பிடிக்க வேண்டும். நான் பிடிக்கக் கூடாது. அம்மா பிடிக்க மாட்டாள்.

ஒரு காலையில் என்னை எழுப்ப மனமில்லாமல் அவராகக் கொல்லைக்குப் போனார். பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய் அவர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தேன். என் அடிவயிறு இழுத்தது. தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்த அம்மா அதைப் பார்த்து, குடத்தை அப்படியே கீழே வைத்துவிட்டாள். என்னை விலக்கிவிட்டு, அவளே அவரை எழுப்பினாள்.

அடுத்த தடவை நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, அய்யாவின் தங்கச்சியான அத்தையைத் துணைக்கு அனுப்பினாள். "திரும்பி வந்து நேரா இங்கன வராத. அத்த வீட்டுல சாப்புட்டுப் படு. நான் கூப்புட்டதும் வா" என்றாள். ஏன் என்றேன். "கேக்காதடி. நீ இல்லாத வீடு மாசமான வீடு இல்ல" என்றாள்.

நாங்கள் சீக்கிரமே திரும்பிவிட்டோம். அத்தை வீட்டுக் கொல்லை எங்கள் கொல்லைக்குப் பின்னாடிதான், நடுவில் ஒரு முள்வேலி. கிர்ர்ர் என்று சத்தம் கேட்டதும் நான் வேலியோரம் போய்விட்டேன். "இங்கன நிக்காதடி, சத்தம் புள்ளைக்கு ஆகாது" என்று அத்தை தன் முந்தானையால் என் வயிற்றை மூடினாள். மூடிக்கொண்டு, என் தோளுக்கு மேலே எட்டி அவளும் பார்த்தாள்.

அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் கவட்டையைப் பிடித்திருந்தாள். அய்யா சுவரில் தோளைச் சாய்த்து நின்று அழுத்திக்கொண்டிருந்தார்.

"ஆட்டாதடி கவட்டைய!"

"நான் எங்க ஆட்டுறேன், உங்க மிசினுல்ல ஆடுது."

"புடிச்சிருக்கியா, கோலம் போடுறியா?"

"வாயப் பொத்திக்கிட்டுத் தொளையப் போடுங்க. புள்ள வந்துரப் போறா."

ஒரு துளை முடிந்ததும் அம்மா அடுப்படி ஊதாங்குழலை எடுத்துத் துளைக்குள் வைத்து ஊதினாள். உள்ளே இருந்த சிமெண்டுத் தூசி முழுவதும் திரும்பி அவள் முகத்திலேயே அடித்தது. வெள்ளையாக நின்றாள். அய்யா சிரித்த சிரிப்பில் டிரில்லைக் கீழே போட்டுவிடுவார் என்று பயந்தேன். அவள் திட்டிக்கொண்டே சிரித்தாள். கல்யாணம் ஆன புதிதில் இவர்கள் இப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. வயிற்றில் பிள்ளை ஒரு உதை உதைத்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகவே பிறந்தான்.

சாயங்காலம் கூப்பிட்டார்கள். சுவர் நெடுகக் குழாய் நின்றது. அய்யா வேட்டியை மடித்துக் கட்டி, இடது கையால் குழாயைப் பிடித்து, எங்கள் முன்னால் கடைசி வரை நடந்துபோனார், ராசா மாதிரி. திரும்பியபோதுதான் மூன்று பேருக்கும் உறைத்தது. போகும்போது இடது பக்கம் இருந்த சுவர், வரும்போது வலது பக்கம். வலது கைக்குப் பிடிக்க வராது. மூன்று பேரில் ஒருத்தர்கூட இதை யோசிக்கவில்லை. அய்யா சுவரைப் பார்த்துத் திரும்பி, குழாயை இடது கையால் பிடித்து, பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக நகர்ந்து வந்தார். "போறது ராசா, வாரது நண்டு" என்றார். வந்ததும் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார்.

அதற்குப் பிறகு அவர் கை என் தோளில் விழவில்லை. எனக்குச் சில நாள் அது ஏக்கமாகக்கூட இருந்தது. இறந்த அன்று காலையிலும் அவராகவே போய்வந்து, கட்டிலில் சாய்ந்து, என் மகனைக் கொண்டுவந்து பக்கத்தில் போடச் சொன்னார். நான் பிள்ளைக்கு வாய் துடைத்துத் தூக்கி வருவதற்குள் முடிந்துவிட்டது. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

இந்தத் தடவை அவர் போனது போனதுதான், திரும்பி நண்டு மாதிரி நகர்ந்து வர வேண்டியதில்லை. அவர் போகிற வழியில் இடது கைப் பக்கம் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்று, இதைப் படிக்கிற எல்லாரும் உங்கள் உங்கள் சாமியிடம் என் அய்யாவுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள்.